இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு: இஸு கடற்கரை ரியோகானில் தங்கும் முறை

ரியோகான் என்னும் ஜப்பானிய மரபு விடுதியை இன்னொரு ஓட்டல் என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே இடறும். ஓட்டலில் அறைக்குப் பணம் கட்டுகிறோம். நள்ளிரவில் போனாலும் சாவி கிடைக்கும். ரியோகானில் நாம் வாங்குவது பத்தொன்பது மணி நேரத்தை. பிற்பகல் மூன்று மணிக்கு நுழைவு, ஒரு குளியல், ஆறு அல்லது ஆறரைக்கு இரவுச் சாப்பாடு, இன்னொரு குளியல், தரையில் மெத்தை, விடிகாலையில் மறுபடி குளியல், காலைச் சாப்பாடு, பத்து மணிக்குக் கிளம்பல். இதில் அச்சாணி இரவுச் சாப்பாட்டு நேரம். சமையலறை அந்த நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் மீனை அறுக்கும், சோற்றை ஏற்றும். பயணத்தை அந்த மணியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

கீழே உள்ளது டோக்கியோவுக்குத் தென்மேற்கே இருக்கும் இஸு தீபகற்பத்தை வைத்து எழுதியது. கிழக்குக் கரையில் அதாமி, இதோ, அதகாவா, இனாதோரி, ஷிமோதா என்று வெந்நீர் ஊற்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் தோய், தோகாஷிமா. அங்கே அந்திச் சூரியன் கடலில் இறங்கும், ஆனால் ரயில் கிடையாது, பேருந்துதான். முதல் தடவை என்றால் கிழக்குக் கரை போதும்.

முன்பதிவு செய்யும்போது

விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இருவர் அறைக்கு 20,000 யென் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மொத்தம் 40,000. இரண்டு வேளைச் சாப்பாடு சேர்ந்த திட்டத்துக்கு 'இப்பாக்கு நிஷோகு' என்று பெயர். நடுத்தர விடுதியில் ஆளுக்கு 15,000 முதல் 35,000 யென் வரை பார்க்கலாம். சாப்பாடு இல்லாமல் தங்குவது 'சுதோமாரி'. சனிக்கிழமை இரவு, புத்தாண்டு, ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் நாட்கள் ஆகியவற்றில் விலை ஏறும். தனி ஆளாகப் போனால் பல விடுதிகள் இடம் தராது, தந்தாலும் கூடுதலாகக் கேட்கும்.

அறை விவரத்தில் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, கழிப்பறை அறைக்குள்ளேயா, நடைக்கூடத்திலா. இரண்டு, அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி இருந்தால் அதில் வருவது ஊற்று நீரா, கொதிகலனில் சுடவைத்த குழாய்த் தண்ணீரா. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று, 'கென்சென் காகேநாகாஷி' என்ற சொல். ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டி நிரம்பி வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது, சுழற்சி முறையில் திரும்ப வருவதில்லை என்பது அதன் பொருள். சுழற்சி முறையில் குளோரின் வாடை லேசாக வரலாம். அதனால் குளியல் மோசம் என்றில்லை, ஆனால் அதே விலைக்கு வழிந்தோடும் நீர் கிடைத்தால் அதையே எடுப்பது புத்திசாலித்தனம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 'மீன் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் தட்டிலிருந்து மீன் துண்டு போகும். மீன் சாறு போகாது. மிசோ சூப், முட்டைப் புட்டு, காய்கறி வேகவைத்த நீர், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி'. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய காத்ஸுவோ மீனில் எடுத்தது. முன்பதிவின் குறிப்புப் பெட்டியில் இதை எழுதுங்கள்: 'நிக்கு தோ சக்கானா வா தாபேமாசென், காத்ஸுவோ தாஷி மோ தமே தேஸ்', அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டோம், காத்ஸுவோ தாஷியும் கூடாது. விடுதி 'முடியும்' என்று பதில் அனுப்பிய பிறகே பணம் கட்டுங்கள். கடலோர விடுதியின் பெருமையே மீன்தான் என்பதால் பலர் நேர்மையாக 'முடியாது' என்றே சொல்வார்கள். அப்படியானால் சுதோமாரி எடுத்து உணவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. போய் இறங்கிய பிறகு மாற்றச் சொன்னால் நடக்காது, காலையிலேயே எல்லாம் வாங்கி முடித்திருப்பார்கள். மீன் சாப்பிடுவோம், மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் கரையில் கவலையே இல்லை.

ரத்துக் கட்டணத்தையும் பாருங்கள். வராமலே விட்டால் முழுப் பணமும் போவது வழக்கம்.

போய்ச் சேருவது

டோக்கியோவிலிருந்து அதாமிக்கு கொதாமா என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஐம்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். அதே பாதையில் ஓடும் நொஸோமி வண்டி அதாமியில் நிற்காது. வேகமான வண்டி என்று அதில் ஏறிவிட்டால் அதாமியைத் தாண்டி நகோயாவில்தான் இறங்க முடியும், அன்றைய சாப்பாடு கைநழுவிப் போகும். இதோவுக்கும் அதற்குத் தெற்கேயும் போகிறவர்களுக்கு ஓதோரிகோ விரைவு வண்டி வசதி. மாறாமல் ஷிமோதா வரை போகும், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜப்பான் ரயில்வேயின் பயணச்சீட்டான ஜேஆர் பாஸ் இதோ வரைதான் செல்லும். அங்கிருந்து தெற்கே ஓடுவது இஸுக்யூ என்ற தனியார் பாதை, அதற்குத் தனிக் கட்டணம்.

பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். டோக்கியோ ஓட்டலில் 'தக்யூபின்' என்று கேட்டால் பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள் சேரும். ஓர் இரவுக்கு ஒரு தோள்பை போதும்; துண்டு, பற்பசை, இரவு உடை எல்லாம் விடுதியே தரும். நிலையத்திலிருந்து விடுதி வண்டி வருவதுண்டு, ஆனால் முன்கூட்டியே ரயில் நேரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். தாமதமானால் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். ஏழு மணிக்கு மேல் ஆகும் என்றால் இரவுச் சாப்பாட்டை ரத்து செய்துவிடும் விடுதிகள் உண்டு, பணம் திரும்பாது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சூறாவளிக் காலம். இஸுக்யூ பாதை கடலை ஒட்டிய மலைச்சரிவில் போகிறது, கனமழையில் நிறுத்திவிடுவார்கள். வானிலை மோசமாக இருந்தால் முந்தின நாளே ரயில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விடுதியை அழைத்துப் பேசுங்கள்.

வாசலில் இருந்து அறை வரை

வாசல்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி, மேலே ஏறி, விடுதிச் செருப்பைப் போடவேண்டும். நம் வீட்டு வழக்கம்தான், ஆனால் இங்கே மூன்று அடுக்கு. நடைக்கூடத்தில் விடுதிச் செருப்பு; தத்தாமிப் பாய் விரித்த அறைக்குள் வெறுங்கால் அல்லது காலுறை; கழிப்பறைக்குள் அங்கேயே கிடக்கும் வேறு செருப்பு. கழிப்பறைச் செருப்போடு தத்தாமியில் வந்து நிற்பதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் பிழை.

பதிவேட்டில் எழுதும்போது ஜப்பானில் முகவரி இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டைக் கேட்டு நகல் எடுப்பார்கள். அது சட்டப்படியான நடைமுறை. அப்போதே மூன்று விஷயத்தை முடித்துவிடுங்கள்: சாப்பாட்டு நேரம், தனிக் குளியலறைக்கான நேரம், ஆண் பெண் குளியல் மாறும் நேரம். 'காஷிகிரி' என்னும் தனிக் குளியலறையை நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடம் குடும்பமாகப் பூட்டிக்கொள்ளலாம். சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் இரண்டாயிரம் மூவாயிரம் யென். நல்ல நேரங்கள் நான்கு மணிக்குள் தீர்ந்துவிடும். பிறர் முன் உடையில்லாமல் குளிக்கத் தயங்குகிறவர்களுக்கு இதுவே வழி. பச்சை குத்தியவர்களுக்கும் இதுவே. பொதுக் குளியலில் பல விடுதிகள் பச்சையை அனுமதிப்பதில்லை. சிறிதாக இருந்தால் ஒட்டும் மறைப்பான் போடச் சொல்வார்கள். கல்யாண மருதாணி அடர்ந்து இருந்தாலும் கேள்வி வரும், முன்னரே சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் தாழ்ந்த மேசை, தேநீர், ஓர் இனிப்பு. அந்த இனிப்பை ஒதுக்கவேண்டாம். வெறும் வயிற்றில் சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும். சுவரில் உள்வாங்கிய மேடையில் ஓவியமும் பூவும் வைத்திருப்பார்கள், அது 'தொகோநோமா'. அதில் பெட்டி வைப்பதோ உட்காருவதோ கூடாது. பெட்டிச் சக்கரத்தைத் தத்தாமியில் உருட்டினால் கோரை கிழியும், தூக்கித்தான் வைக்கவேண்டும்.

அடுத்தது யுகாதா, விடுதி தரும் பருத்தி அங்கி. உயரத்துக்கு ஏற்ற அளவு இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டி, அதன் மேல் இடப்பக்கத் துணியை மடியுங்கள். மாற்றி மடித்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை, பார்க்கிறவர்கள் பதறுவார்கள். கச்சையை ஆண்கள் இடுப்பெலும்புக்கு இறக்கியும் பெண்கள் இடையிலும் கட்டுவது வழக்கம். குளிருக்கு மேலே போட ஒரு மேலங்கி இருக்கும். சாப்பாட்டுக்கும் இதே உடையில் போகலாம்.

குளியல்

வாசலில் தொங்கும் துணித்திரை 'நோரென்'. நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஆண் என்னும் எழுத்தின் தலையில் நான்கு கட்டமாகப் பிரிந்த சதுரம் இருக்கும். பெண் என்னும் எழுத்தில் சதுரமே கிடையாது, மூன்று கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். காட்சி நல்ல பக்கம் இருபாலருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல விடுதிகளில் இரவோடு இரவாகத் திரையை மாற்றிவிடுவார்கள். நேற்று மாலை போன வாசலில் இன்று காலை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தால் வம்பு.

உடை மாற்றும் அறையில் சுவரில் ஒரு தாள் தொங்கும்: ஊற்று நீர்ப் பகுப்பாய்வு. ஜப்பானின் ஊற்றுச் சட்டம் 1948ஆம் ஆண்டுடையது. ஊற்றுவாயில் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவில் இருந்தாலோ அது 'ஒன்சென்', அதாவது சட்டப்படி ஊற்று நீர். கடலோரத்தில் அதிகம் வருவது குளோரைடு நீர், உதட்டில் பட்டால் உப்புக் கரிக்கும். தோலில் படியும் உப்பு வியர்வை ஆவியாவதைத் தடுப்பதால் வெளியே வந்த பிறகும் வெகுநேரம் உடம்பு சூடாக இருக்கும். அதனால்தான் கடைசியில் நல்ல தண்ணீரால் அலசாமல் துடைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தோல் மென்மையானவர்கள் அலசிவிடுவதே நல்லது. வெள்ளிக் கொலுசு, மெட்டி இருந்தால் அறையிலேயே கழற்றிவையுங்கள். ஊற்று நீரில் கந்தகம் இருந்தால் வெள்ளி ஒரே குளியலில் கறுக்கும்.

எல்லா உடையையும் கூடையில் வைத்துவிட்டு, சின்னத் துண்டு ஒன்றோடு மட்டும் உள்ளே போகவேண்டும். நீச்சலுடை கூடாது. கைபேசி உள்ளே எடுத்துப்போவது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும்.

உள்ளே சுவரோரம் தாழ்ந்த முக்காலிகள், வாளி, குழாய். உட்கார்ந்துதான் குளிக்கவேண்டும், நின்றால் பக்கத்து ஆள் மேல் நுரை தெறிக்கும். குழாய்ப் பொத்தானை அழுத்தினால் சில நொடி நீர் வந்து தானாக நிற்கும், பழுதில்லை, மறுபடி அழுத்துங்கள். மூன்று பாட்டில்கள் இருக்கும், எழுத்து புரியாது. விரலால் தடவிப் பாருங்கள்: பல ஜப்பானிய ஷாம்பு பாட்டில்களில் பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும், பார்வையற்றோருக்காக 1991இல் காவோ நிறுவனம் தொடங்கிய வழக்கம். உடல் சோப்பில் தலைப்பகுதியில் ஒற்றைக் கோடு மேடாக இருக்கும். ஒன்றும் இல்லாதது கண்டிஷனர். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். ஒருமுறையில் போகாத எண்ணெய் தொட்டி நீரில் படலமாக மிதக்கும். நுரை ஒரு துளி இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்திருங்கள். நீண்ட முடியைக் கொண்டையாகக் கட்டவேண்டும்.

தொட்டி நீர் 40 முதல் 42 டிகிரி. நேராக இறங்கவேண்டாம். வாளியில் மொண்டு காலில் தொடங்கி இடுப்பு, கை, தோள் என்று பத்து முறை ஊற்றுங்கள். இதற்குக் 'கக்கேயு' என்று பெயர். பிறகு முதலில் இடுப்பளவு, அப்புறம் மார்பளவு, மூன்று நிமிடம். வெளியே வந்து கல்லில் உட்காருங்கள். சூடு பழகியபின் ஐந்து, அதிகம் போனால் பத்து நிமிடம். துண்டை நீரில் போடக்கூடாது. குளிர்நீரில் நனைத்து மடித்துத் தலைமேல் வைத்தால் மயக்கம் தள்ளிப்போகும். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுங்கள், திடீரென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். விழுகிறவர்கள் விழுவது அந்த நொடியில்தான். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் பின்பும் வேண்டாம், மது குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். முதல் நாளில் இரண்டு முறைக்கு மேல் இறங்கினால் மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும், அதற்கு 'யுஅதாரி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் வயதானவர்களும் 42 டிகிரித் தொட்டியைத் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகள் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தரை வழுக்கும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

கடலைப் பார்த்த திறந்தவெளித் தொட்டி 'ரோதென்புரோ'. அங்கே போகும் வழியில் கல் வழுக்கும், குளிர்காலத்தில் கடற்காற்று ஈரத்தோலில் அறையும். உள்தொட்டியில் சூடேறிய பிறகே வெளியே போங்கள். உடை அறைக்குத் திரும்பும் முன் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிடுங்கள், அங்கே தரை ஈரமாகக் கூடாது.

சாப்பாடு, படுக்கை, விடிகாலை

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு போய் உட்காருங்கள். பச்சை மீன், வேகவைத்தது, சுட்டது, ஆவியில் வெந்தது என்று தட்டுகள் வரும். இனாதோரி, ஷிமோதா பக்கம் கின்மேதாய் என்ற செந்நிற மீன் பேர்பெற்றது, சோயா, சர்க்கரை, சாக்கே என்ற அரிசி மது சேர்ந்த சாற்றில் முழு மீனாக வேகவைத்துத் தருவார்கள். கன்னச் சதையை விட்டுவிடாதீர்கள். தனித்தனி ஆளுக்குச் சிறு அடுப்பும் அதில் மெழுகுபோன்ற எரிபொருள் வில்லையும் இருக்கும். பணிப்பெண் பற்றவைத்த பிறகு தொடவேண்டாம், ஊதி அணைக்கவும் வேண்டாம். தானாக அணையும்போது உள்ளே இருப்பது வெந்திருக்கும். மூடியை அடிக்கடி திறந்து பார்த்தால் வில்லை தீர்ந்தபின்னும் உள்ளே இருப்பது வேகாமல் கிடக்கும். சோறும் சூப்பும் கடைசியில்தான் வரும், அதுவரை பசி தாங்கவேண்டும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

அறைக்குத் திரும்பும்போது மேசை ஓரம் போய் ஃபூத்தோன் என்ற தரை மெத்தை விரித்திருக்கும். தரை கடினமாக இருந்தால் அலமாரியில் இன்னொரு மெத்தை இருக்கும், கீழே சேர்த்துப் போடலாம். தலையணையில் சரசரவென்று சத்தம் கேட்டால் உள்ளே சோபா (பக்வீட்) என்ற தானியத்தின் உமி. சோபா ஒவ்வாமை உள்ளவர்கள் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

படுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. கதவுக்குப் பின்னால் வெளியேறும் வழிப் படம் ஒட்டியிருக்கும், அதில் மலைப்பக்கப் படிக்கட்டு எது என்று பாருங்கள். இது கடலோரம். நிலம் பலமாக, நீண்ட நேரம் அதிர்ந்தால் சுனாமி எச்சரிக்கை ஒலிக்குக் காத்திருக்காமல் உயரமான இடத்துக்கு ஏறவேண்டும். குளியலில் இருந்தால் வாளியால் தலையை மறைத்துக்கொண்டு அதிர்வு நின்றபின் வெளியேறுங்கள். 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்ப நிலநடுக்கத்தில் வாக்குரா என்ற வெந்நீர் ஊற்று ஊரின் கடலோர விடுதிகள் பலத்த சேதம் அடைந்தன. உங்கள் காலணியை வாசலில் பணியாளர் எடுத்து வைத்திருப்பார், எங்கே என்று கேட்டுவையுங்கள்.

காலைக் குளியலுக்குச் சூரிய உதய நேரத்தைப் பார்த்து அலாரம் வையுங்கள்: ஜூன் கடைசியில் நாலரை, ஜனவரி தொடக்கத்தில் ஏழு மணிக்குச் சற்று முன். நள்ளிரவில் சுத்தம் செய்ய மூடும் குளியல் ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்றால் கோடையில் உதயம் கிடைக்காது, அதையும் நேற்றே கேட்டிருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டில் உப்பிட்டு உலர்த்திச் சுட்ட அஜி என்ற மீனின் கருவாடு வரும், இந்தக் கரையின் பண்டம் அது. சிலருக்கு இரவுச் சாப்பாட்டைவிட இதுவே பிடித்துப்போகிறது.

கிளம்பும்போது ஃபூத்தோனை மடிக்கவேண்டிய கட்டாயமில்லை. யுகாதாவை அறையிலேயே விடுங்கள், அது விற்பனைக்கல்ல. கணக்கில் குளியல் வரி ஆளுக்கு வழக்கமாக 150 யென் தனியாக வரும். அதாமியில் 2025 ஏப்ரல் முதல் தங்கல் வரி 200 யென் கூடச் சேர்கிறது. அன்பளிப்புத் தரவேண்டியதில்லை, சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. நிலையத்துக்குப் போகும் வண்டியின் கடைசி நடை பத்து மணியையொட்டிக் கிளம்பிவிடும். அதில் இடம் வேண்டுமென்றால் முந்தின இரவே பெயரைக் கொடுத்துவையுங்கள்.